ரவென்னாவின் பைன் காட்டில் ஒரு மாலை

இத்தாலியின் பொலோன்யாவிலிருந்து ரவென்னாவுக்கு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். மொசைக் ஓவியங்களைப் பார்க்கத்தான் எல்லோரும் இந்த ஊருக்கு வருகிறார்கள். என்னை இழுத்து வந்தவை மேற்கு ரோமப் பேரரசு சரிந்த கி.பி. 475, 476 என்ற இரண்டு ஆண்டுகள்.

402-இல் மேற்கு ரோமப் பேரரசர் ஹொனோரியஸ் மிலானை விட்டு இங்கே வந்து சேர்ந்தார். சுற்றிலும் சதுப்பு நிலம், பக்கத்திலேயே கிளாஸே துறைமுகம். வெளியிலிருந்து வரும் எதிரி லேசில் நுழைய முடியாது. ஆனால் சொந்தத் தளபதியைச் சதுப்பு எப்படித் தடுக்கும்? அவனுக்குத்தான் வழி தெரியுமே!

சாந்த் அப்பொல்லினாரே நுவோவோ தேவாலயத்தில் நுழைந்ததும் இடப்பக்கச் சுவரில் அந்தத் துறைமுகமே மொசைக்கில் இருக்கிறது. இரண்டு கோபுரங்கள், நடுவே கப்பல்கள். அவற்றைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். மனசு முழுக்க ஜூலியஸ் நேபோஸ்.

நேபோஸ் 474-இல் பேரரசரானவர். கையில் பணமும் இல்லை, படையும் இல்லை. அடுத்த ஆண்டே கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பக்கம்) நாட்டின் ஓவெர்ன் பகுதியை விசிகோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தாருக்கு விட்டுக்கொடுத்தார். அவரே தலைமைத் தளபதியாக்கிய ஒரெஸ்டஸ் (ஒரு காலத்தில் ஹூணர்களின் அரசன் அட்டிலாவிடம் எழுத்தராக இருந்தவர்) படையை ரவென்னா பக்கமே திருப்பிவிட்டார். 475 ஆகஸ்ட் 28 அன்று நேபோஸ் கப்பலேறி, கடலுக்கு அக்கரையில் இருந்த டால்மேஷியாவுக்குத் தப்பினார். ஒரெஸ்டஸ் தான் அரியணை ஏறாமல், சிறுவனான தன் மகன் ரோமுலஸை ஏற்றினார். ஜனங்கள் அவனுக்கு வைத்த பெயர் அகஸ்டுலஸ், அதாவது குட்டி அகஸ்டஸ்.

அப்புறம் படையில் இருந்த கூலி வீரர்கள் இத்தாலியின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு கேட்டார்கள். ஒரெஸ்டஸ் மறுத்தார். தாங்கள் பிழைக்க நிலம் கேட்ட அந்த வீரர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. அவர்கள் ஒடோவாக்கர் என்ற படைத்தலைவனை அரசனாக்கிக்கொண்டார்கள். 476 ஆகஸ்ட் 28 அன்று வட இத்தாலியின் பியாசென்சாவில் ஒரெஸ்டஸ் கொல்லப்பட்டார். நேபோஸ் ஓடிய அதே தேதி, சரியாக ஒரு வருஷம்!

மதியத்துக்கு மேல் சைக்கிள் வாடகைக்கு எடுத்து கிளாஸே பக்கம் போனேன். கடல் கிழக்கே பல கிலோமீட்டர் விலகிவிட்டது. துறைமுகம் இருந்த இடம் இப்போது வெறும் தரை. அதைத் தாண்டினால் பைன் காடு. இன்றைய மரங்கள் அன்றைய மரங்கள் இல்லை, தெரியும். ஆனாலும் செப்டம்பர் 4 அன்று ஒரெஸ்டஸின் சகோதரர் பாவுலஸ் ரவென்னாவின் பைன் காட்டில்தான் வெட்டப்பட்டார் என்று பழைய ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. சைக்கிளை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் நடந்தேன். காலடியில் காய்ந்த ஊசியிலை நொறுங்கும் சத்தம் மட்டும்.

அரண்மனையில் அன்று அந்தப் பையன் என்ன செய்துகொண்டிருந்திருப்பான்? ஒரே வாரத்தில் அப்பாவும் போய், அவருடைய சகோதரரும் போய்விட்டார். ஒடோவாக்கர் அவனைக் கொல்லவில்லை. சின்ன வயது, அழகான பிள்ளை என்று இரக்கப்பட்டு, ஆண்டுக்கு 6,000 பொற்காசு கொடுத்துத் தென் இத்தாலியின் கம்பானியாவுக்கு அனுப்பிவைத்தான். மேற்கே அதன்பின் இத்தாலியில் ரோமப் பேரரசர் என்று யாரும் அமரவில்லை.

இருட்டுவதற்குள் சைக்கிளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். காட்டை விட்டு வெளியே வரும்போது ஊரின் மணிக்கூண்டுகள் தூரத்தில் தெரிந்தன.