எல்லையோரத்தில் வாடகைக்கு விட வீடு வாங்கும்முன்

தமிழ்நாடு-கேரள எல்லையில் இந்தப் பக்கம் மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை. இந்த வட்டாரத்தில் சேமிப்பைப் போட்டு ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட நினைப்பவர்கள் முதலில் கேட்பது சென்ட் என்ன விலை என்பதைத்தான். அதைக் கேட்கும் முன்பே ஒரு கணக்குப் போட்டுவிட வேண்டும்.

4 சென்டில் இரண்டு படுக்கையறை வீடு, விலை 35 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுப் பக்கம் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 3,15,000 ரூபாய். வக்கீல், எழுத்துக்கூலிக்கு 25,000. குடிவைக்கும் முன் பெயின்ட், பைப், வயரிங் என்று 1,60,000. மொத்தம் 40 லட்சம். வாடகை மாதம் 9,000 என்றால் வருடத்துக்கு 1,08,000. அதில் ஒரு மாதம் காலியாகக் கிடப்பதற்கு 9,000, வீட்டு வரிக்கு 3,000, பராமரிப்புக்கு 16,000 போனால் நிற்பது 80,000. போட்ட பணத்துக்கு 2 சதவீதம். வங்கி வைப்புநிதி இதைவிட அதிகம் தரும்.

25 லட்சம் கடன் வாங்கி இதைச் செய்தால் நிலைமை இன்னும் மோசம். எட்டரை சதவீத வட்டி, 20 வருடம் என்றால் லட்சத்துக்கு மாதம் 868 ரூபாய் தவணை, ஏறக்குறைய 21,700. வாடகை 9,000 போக, மாதாமாதம் 12,700 கையிலிருந்து போகும். அதே 4 சென்டில் மாடிக்கு வெளிப்படிக்கட்டும் தனி வாசலும் உள்ள வீடு, எல்லாச் செலவும் சேர்த்து 45 லட்சத்துக்குக் கிடைத்து, கீழே 8,000, மேலே 7,000 வந்தால், செலவுக்கு 40,000 ஒதுக்கியபிறகும் 1,40,000 நிற்கும். 3 சதவீதத்துக்குச் சற்று மேல். அதனால் இந்தப் பகுதியில் சிறு முதலீட்டாளர் ஒற்றைக்குடி வீட்டைவிட இரண்டு குடி இருக்கக்கூடிய வீட்டைத்தான் தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மீதி லாபம் நிலத்தின் விலை ஏற்றத்தில்தான். வருமானம் இவ்வளவு மெலிதாக இருப்பதால், வாங்கும்போது விட்ட ஒரே ஒரு ஓட்டை பத்து வருட வாடகையைத் தின்றுவிடும்.

பெரும்பாலான ஓட்டைகள் பத்திரத்தில்தான் இருக்கின்றன. குமரி மாவட்டத் தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவை. அதனால் மூலப்பத்திரங்கள் பலவும் மலையாளத்தில் இருக்கும். வாய்மொழியாகச் சொல்லும் சுருக்கத்தை நம்பாமல், மலையாளம் வாசிக்கத் தெரிந்த வக்கீலைக் கொண்டு வரிக்கு வரி படிக்க வையுங்கள். வில்லங்கச் சான்று இணையத்தில் குறிப்பிட்ட ஆண்டு முதல்தான் கிடைக்கும். அதற்கு முந்தையதை சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்து எடுக்க வேண்டும்.

அதைவிட முக்கியம், கையெழுத்துப் போட வேண்டியவர்கள் யார் யார் என்பது. கிறிஸ்தவக் குடும்பச் சொத்து என்றால் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பழைய திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அதுதான். மேரி ராய் வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம், 1951 முதலே அந்தச் சட்டம் செல்லாது, 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அதாவது, அதன்பிறகு உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. ஆனால் ஊரில் இன்றும் "அவளுக்குச் சீதனம் கொடுத்தாச்சு, பங்கில்லை" என்று சொல்லி, அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்திட்டு விற்பது நடக்கிறது. சீதனம் கொடுத்தது பங்கை விட்டுக்கொடுத்ததாகாது. பதிவு செய்த விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும், அல்லது அந்தப் பெண்ணே விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். இறந்தவரின் வாரிசுச் சான்றை எடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பட்டியலில் இல்லாத மகள் யாரும் உண்டா என்று பக்கத்து வீட்டிலும் ஒரு வார்த்தை கேளுங்கள். சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்கட்டும்; அந்தப் பெண்ணின் பங்கை அவருக்குத் தெரியாமல் வாங்குவது அநியாயம்.

விற்பவர் வளைகுடாவில் இருந்தால் இரண்டு விஷயம். அங்கிருந்து வரும் பவர் பத்திரம் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்றிருக்க வேண்டும். இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரையிடப்பட வேண்டும். பவர் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறார் என்பதற்கான சான்றையும் பத்திரப்பதிவின்போது கேட்பார்கள். அடுத்தது வருமான வரி. இந்தியாவில் வசிப்பவரிடம் வாங்கினால் 50 லட்சமும் அதற்கு மேலும் போகும்போதுதான் 1 சதவீதம் பிடிக்க வேண்டும். வெளிநாடு வாழ் இந்தியரிடம் வாங்கினால் அந்த வரம்பே கிடையாது. 20 லட்சம் வீட்டுக்கும் நீங்கள் வரி பிடித்துக் கட்டியாக வேண்டும், விகிதமும் பல மடங்கு அதிகம். பிடிக்காமல் விட்டால் அந்தத் தொகையைத் துறை உங்களிடம்தான் கேட்கும். குறைந்த விகிதத்தில் பிடிக்கலாம் என்ற சான்றை விற்பவர் முன்கூட்டியே வாங்கித் தந்தால் இருவருக்கும் நிம்மதி. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே இதைப் பேசிவிடுங்கள்.

அட்வான்ஸ் என்றதும் இன்னொன்று: தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். முத்திரைத்தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்வது போதாது.

கேரளப் பக்கம் வாங்குபவர்களுக்குத் தீர்வை 8, பதிவு 2, ஆக 10 சதவீதம். அங்கே கிராம அலுவலகத்தில் தண்டப்பேர் எண் (உரிமையாளரின் நிலக் கணக்கு எண்), கரம் (நிலவரி) கட்டிய ரசீது, கைவசச் சான்று (நிலம் அவர் அனுபவத்தில் இருக்கிறது என்ற சான்று) மூன்றையும் பார்க்க வேண்டும். அளவு ஆரில் இருக்கும், 1.62 ஆர் என்றால் 4 சென்ட். ரசீதில் வகை என்ற இடத்தில் ‘புரையிடம்’ என்று இருந்தால் சரி. ‘நிலம்’ என்று இருந்தால் அது வயல் என்று பொருள். 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். கிருஷி பவனில் (வேளாண் அலுவலகம்), வயல்களைப் பட்டியலிடும் டேட்டா பேங்கில் அந்த சர்வே எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விலகிவிடுவதே நல்லது. இல்லாவிட்டால் வகை மாற்றத்துக்கு விண்ணப்பித்து முடித்தபின் விற்கும்படி விற்பவரிடமே சொல்லுங்கள். பஞ்சாயத்து கொடுத்த வீட்டு எண்ணோடு ‘யு.ஏ.’ என்ற எழுத்துகள் சேர்ந்திருந்தால் அது அனுமதியில்லாமல் கட்டிய கட்டடம்.

தமிழ்நாட்டுப் பக்கம் மனையாக வாங்கிக் கட்ட நினைத்தால் அங்கீகாரத்தைப் பாருங்கள். அங்கீகாரமில்லாத மனைகளில், 2016 அக்டோபர் 20-க்குள் பிரிக்கப்பட்டவற்றுக்குத்தான் வரன்முறைப்படுத்தல் பொருந்தும். மலையோரக் கிராமங்கள் சில மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் கீழ் வருகின்றன. அங்கே நடைமுறை வேறு.

இனி வழி. இந்த ஊர்களில் வீடுகள் தெருவாக இல்லாமல் விளைகளுக்குள் (தோட்டங்களுக்குள்) சிதறிக் கிடப்பதால், சாலையிலிருந்து வீட்டுக்கு வரும் பாதை எத்தனை அடி என்பது பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும். இன்று ஆட்டோ போகிறது என்பது போதாது. அடுத்த விளைக்காரர் நாளை மதில் கட்டினால் மூன்றடி நடைபாதைதான் மிஞ்சும், வாடகையும் சரியும். டேப் வைத்து அளந்து, புலப்படத்தோடு (சர்வே வரைபடம்) ஒப்பிடுங்கள்.

கட்டடத்தைப் பொறுத்தவரை இங்கே எதிரி மழைதான். ஜூனில் தென்மேற்கும் அக்டோபரில் வடகிழக்கும் என்று இரண்டு பருவமழையும் வாங்கும் நாடு இது. மார்ச்சில் புது பெயின்ட் அடித்துக் காட்டும் வீட்டை நம்பாதீர்கள். முடிந்தால் மழை நாளில் போய்ப் பாருங்கள். முடியாவிட்டால் மொட்டைமாடியின் தண்ணீர்க் குழாய் வாயைத் துணியால் அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, ஒரு நாள் கழித்துக் கீழே உட்கூரையைப் பாருங்கள். ஈரம் முதலில் தெரிவது கைப்பிடிச்சுவர் தளத்தோடு சேரும் மூலையிலும், சன்ஷேடு சுவரில் சேரும் இடத்திலும், மாடிக் குளியலறைக்குக் கீழும். உட்கூரையில் கம்பி போகும் வரிசையில் துருக் கறை நீளமாகத் தெரிந்தால், கம்பி அரித்துக் காரை தள்ளத் தொடங்கிவிட்டது; பெயின்டால் அது தீராது. விரல் கணுவால் தட்டினால் அங்கே பொள்ளல் ஓசை கேட்கும். கடலோரத்தில், தேங்காப்பட்டணம், குளச்சல் பக்கம், உப்புக்காற்று இதை விரைவுபடுத்தும். வெட்டுகல் சுவரில் தரையிலிருந்து இரண்டு மூன்றடி வரை பூச்சு ஊதி உதிர்ந்திருந்தால் அடித்தளத்திலிருந்து ஈரம் ஏறுகிறது. கதவு நிலைகளைக் கத்தி முனையால் குத்திப் பாருங்கள்: பலா, அயினி என்றால் பயமில்லை, பதப்படுத்தாத ரப்பர் மரத்தில் வண்டு துளைத்திருக்கும். பக்கத்தில் ரப்பர் தோட்டம் இருந்தால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இலை கொட்டும். அது மொட்டைமாடிக் குழாயை அடைத்துக்கொண்டு, ஏப்ரலில் கோடைமழை பெய்யும்போது தளத்தில் தண்ணீர் கட்டி நிற்கும். மார்ச்சில் ஒரு ஆளை ஏற்றிக் கூட்டிவிட்டால் பாதிக் கசிவு வராது.

கிணறு. ஏப்ரல், மே மாதத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதுதான் உண்மையான அளவு. கழிவுக்குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் ஏழரை மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது கேரளக் கட்டட விதி. எல்லைக்கு இந்தப் பக்கமும் அதையே கடைப்பிடிப்பது நல்லது. நாற்பதடி அகல மனையில் உங்கள் குழி தள்ளி இருந்தாலும், மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் குழி பத்தடியில் இருக்கலாம். அதையும் கேட்டுவிட்டு, சுத்தமான போத்தலில் தண்ணீரை எடுத்து, அன்றே ஆய்வகத்தில் கொடுத்து, கோலிஃபார்ம், இரும்பு, அமிலத்தன்மை மூன்றையும் சோதியுங்கள். தமிழ்நாட்டில் குடிநீர் வடிகால் வாரியத்துக்கும், கேரளத்தில் வாட்டர் அத்தாரிட்டிக்கும் ஆய்வகங்கள் உண்டு.

மின்சாரத்துக்கு ஒவ்வொரு குடிக்கும் தனி இணைப்பு வாங்குங்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் இணைப்புக்கு இணைப்பு கிடைக்கும். கேரளத்தில் மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால் மொத்த யூனிட்டுக்கும் ஒரே உயர்ந்த விலை விழும். ஒரே மீட்டரில் இரண்டு குடி என்றால் சண்டை நிச்சயம்.

குடிவைக்கும்போது எந்த மாநிலச் சட்டம் என்பதை மறக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். அதை வாடகை அதிகாரியிடம் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். 11 மாத ஒப்பந்தம் என்றாலும் அப்படித்தான். கேரளத்தில் 1965-ஆம் ஆண்டுச் சட்டம். அது அமலில் உள்ள பகுதிகளில், பாக்கிக்காக வெளியேற்ற உத்தரவு வாங்கினாலும், குடியிருப்பவர் ஒரு மாதத்துக்குள் பாக்கியை வட்டியோடும் செலவோடும் கட்டிவிட்டால் உத்தரவு ரத்தாகும். ஆகவே அங்கே ஆளைத் தேர்ந்தெடுப்பதில் இரண்டு மடங்கு கவனம் வேண்டும்.

ஒற்றிக்கு விடச் சொல்லி, அதாவது மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருந்து, போகும்போது அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள, நிறையப் பேர் கேட்பார்கள். 5 லட்சம் வாங்கிக்கொண்டு 9,000 ரூபாய் வாடகை பெறும் வீட்டை ஒற்றிக்கு விட்டால், வருடத்துக்கு 1,08,000 விட்டுக்கொடுக்கிறீர்கள். அது 21.6 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கியதற்குச் சமம். 9 சதவீதத்துக்கு ஈடாக வேண்டுமானால் ஒற்றித் தொகை 12 லட்சம் இருக்க வேண்டும். அதோடு, அந்தப் பணத்தை வேறெங்காவது முடக்கிவிட்டால் ஒற்றிக்கு இருப்பவர் போகும்போது திருப்பிக் கொடுக்கத் திணற வேண்டும். வாங்கும் வீட்டில் ஏற்கெனவே ஒருவர் இருந்தால், வாடகைக்கா ஒற்றிக்கா என்று அவரிடமே நேரில் கேளுங்கள். பதிவு செய்யாத ஒற்றி வில்லங்கச் சான்றில் வராது. ஆனால் குடியிருப்பவரின் பணம் உண்மையானது, பத்திரம் முடிந்தபின் அவர் வந்து நிற்பது உங்கள் வாசலில். விற்பவர் கையிலிருந்து அவருக்குப் பணம் போனதையும் சாவி உங்களிடம் வந்ததையும் ஒரே நாளில், பதிவுக்கு முன் முடியுங்கள்.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்குள் வாங்குங்கள். குடியேறும் நாளில் மீட்டர் எண், குழாய், சுவிட்ச், கண்ணாடி, சுவர் எல்லாவற்றையும் படம் எடுத்து இருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். காலி செய்யும்போது சாதாரணத் தேய்மானத்துக்குப் பிடிக்காதீர்கள். உடைந்ததற்குப் பிடித்தால் கடை பில்லைக் காட்டி, மீதியை ஒரு மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள். நல்ல குடி போகும்போது அடுத்த குடியை அவரே சொல்லி அனுப்புவது இந்த ஊர்களில் சாதாரணம். அப்போது தரகுக் கூலி மட்டுமல்ல, வீடு காலியாகக் கிடக்கும் அந்த ஒரு மாதமும் மிச்சம்.