பெரியாச்சி காலடியில் பேரன்

மகளுக்கு எட்டாம் மாதமே வலி எடுத்துவிட்டது. பிரசவம் பார்க்கச் சிங்கப்பூர் போன நான், கொண்டுபோன பெட்டியைப் பிரிக்கும் முன்பே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பேரனை இன்குபேட்டரில் வைத்திருந்தார்கள். உள்ளங்கை அளவு நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, "பெரியாச்சி, இவனை என் கையில் கொடு, உன் காலடியில் கொண்டுவந்து கிடத்துகிறேன்" என்று பிள்ளைகளைக் காக்கும் அந்த அம்மனை வேண்டிக்கொண்டேன். கொடுத்துவிட்டாள்.

31ஆம் நாள் பெரியாச்சிக்குப் பூசை போடுவது அங்கே வழக்கம். எங்களுக்கு டாக்டர் சம்மதம் சொல்ல அதற்கு மேலும் ஆயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை, லிட்டில் இந்தியா என்கிற தேக்காவில் எலுமிச்சை மாலையும் சிவப்புப் புடவையும் வளையலும் வாங்கிக்கொண்டு, சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்குக் கிளம்பினோம்.

சைனாடவுன் ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறினால் பகோடா தெரு. தெருக்கோடியில் கோபுரம் தெரிகிறது, ஆனால் போய்ச்சேர விட வேண்டுமே! கோட்டு தைக்கவில்லையா, விசிறி வேண்டாமா என்று ஆளாளுக்கு வழி மறிக்கிறார்கள். கைக்குழந்தையோடு வருகிறோமே என்றுகூடப் பார்ப்பதில்லை. கோயிலுக்குள் போனால் சுற்றுலாக் கூட்டம். வரட்டும், யாரும் வந்து அம்மனைப் பார்க்கலாம். ஆனால் கற்பூரம் காட்டும் நேரத்தில் நம் முகத்துக்கும் அம்மனுக்கும் நடுவே செல்போனை நீட்டினால் மனசு எரியாதா?

1819இல், சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து கப்பலில் வந்த நாராயண பிள்ளை, 1827இல் மரமும் அத்தாப்பு ஓலையுமாக எழுப்பிய கோயில் இது. அவர் வைத்த சின்ன அம்மன்தான் இன்றும் மூலஸ்தானத்தில் இருக்கிறாள் என்கிறார்கள். வந்து இறங்கிய ஊரில் கால் ஊன்றும் முன்பே அம்மனுக்கு இடம் தேடியிருக்கிறார் அந்த மனிதர். அவர் போட்ட விதைக்குத்தான் நானும் கையெடுத்துக் கும்பிட்டேன்.

மாரியம்மனை வணங்கிவிட்டுப் பெரியாச்சி சன்னிதிக்கு வந்தோம். மடியில் வயிறு கிழிந்து கிடக்கும், பெரியாச்சி கதையில் வருகிற கொடிய ராணி, உயர்த்திய கையில் குழந்தை. புதிதாய்ப் பார்ப்பவருக்குக் குலை நடுங்கும். "கீழே கிடத்துங்கம்மா, ஒண்ணும் ஆகாது" என்றார் பூசாரி. மகள் தயங்கினாள். நான்தான் வாங்கிக் கிடத்தினேன். வீறிட்டு அழுவான் என்று பயந்தேன். அவனோ தலையை லேசாகத் திருப்பி, தீபத்தையே பார்த்தபடி கிடந்தான். குழாய் செருகியிருந்த கையில் அந்தத் தழும்பு இன்னும் ஆறவில்லை. அதன்மேல் திருநீறு விழுந்தது. மனப்பாடமாய் வைத்திருந்த பாட்டு ஒரு வரிகூட வரவில்லை எனக்கு. "ஆத்தா, ஆத்தா" என்றதோடு சரி. மாப்பிள்ளை முன்னால் அழக்கூடாது என்று இத்தனை நாள் அடக்கிவைத்தது எல்லாம் அங்கே உடைந்துவிட்டது. திரும்பினால் அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

பக்கத்தில் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்த சீனப் பாட்டி ஒருவர், பையிலிருந்து சிவப்பு உறை ஒன்றை எடுத்துப் பிள்ளையின் துணிக்குள் செருகினார். வேண்டாம் என்று சொல்லப் போனேன், மகள் தடுத்துவிட்டாள். பிள்ளைக்கு மாதம் நிறைந்தால் சீனர்களும் கொண்டாடுவார்களாம், சிவப்புச் சாயம் தோய்த்த முட்டை கொடுப்பார்களாம். அந்தப் பாட்டி நல்லா இருக்கணும்.

கோயிலை ஒட்டினாற்போலவே, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1826இல் ஏற்படுத்திய ஜாமியா பள்ளிவாசல். பிள்ளை தூங்கியதால் அப்படியே தெலுக் ஆயர் தெருவுக்கும் நடந்தோம், ஏனென்றால் நான் நாகப்பட்டினத்துக்காரி. நாகூர் ஆண்டவர் பெயரில் அங்கேயும் ஒரு தர்கா, 1828இல் தொடங்கி 1830இல் கட்டி முடித்தது. ஆண்டவரின் அடக்கம் நம்மூரில்தான், இது அவர் நினைவுக்கு எழுப்பியது. இப்போது பெரும்பாலும் காட்சிக்கூடமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அந்தக் குட்டி மினார்களைக் கண்டதும் ஊர் வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது. என் பாட்டி எந்தக் கஷ்டம் வந்தாலும் மஞ்சள் துணியில் காசு முடிந்து அவருக்கென்று வைப்பாள். நானும் கைகூப்பினேன்.

அடுத்தாற்போல் தியன் ஹோக் கெங், கடல் தெய்வம் மாசூவுக்குச் சீனர்கள் 1842இல் முடித்த கோயில். அப்போது அந்தத் தெருதான் கடற்கரையாம், பிறகுதான் தூர்த்திருக்கிறார்கள். கப்பலை விட்டு இறங்கியவர்கள், உயிரோடு வந்து சேர்ந்தோமே என்று நேரே போய்த் தங்கள் தங்கள் தெய்வத்திடம் விழுந்திருக்கிறார்கள். அவர்கள் மனசு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அன்றைக்கு நன்றாகவே புரிந்தது.

பெரியாச்சிக்குக் கடன் தீர்ந்தது. பங்குனியில் ஊருக்கு வருகிறார்கள், அப்போது குலதெய்வத்துக்கு முடி இறக்கிக் காது குத்த வேண்டும். அந்தச் சிவப்பு உறையைப் பிரிக்கவில்லை, உண்டியலில் போடப் பத்திரமாய் வைத்திருக்கிறேன். அந்தச் சீனப் பாட்டி பேருக்கும் அங்கே ஓர் அர்ச்சனை செய்துவிடுவேன், பேர் தெரியாவிட்டால் என்ன.