தமிழ் மூன்றாவதாக வந்த நோட்டு

ஆறு வருடமாகப் பழைய மொரிஷியஸ் நோட்டுகளை வாங்கி ஈபேயில் விற்கிறேன். "வீட்டில் 1998-இல் வந்த நோட்டு இருக்கிறது, என்ன விலைக்குப் போகும்?" என்று ரோஸ்ஹில்லிலும் போர்ட் லூயிஸிலும் தெரிந்தவர்கள் கேட்டபடியே இருப்பதால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

நம் நோட்டுகளில் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அதன் பின் இந்தி, இதுதான் வரிசை. 1998 நவம்பரில் வந்த புது நோட்டுகளில் இந்தி மேலே ஏறி தமிழ் கீழே போயிற்று. நம்மவர்கள் எதிர்த்தார்கள். மத்திய வங்கி அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, 1999-இல் பழைய வரிசைப்படி அச்சிட்டு வெளியிட்டது. என் அப்பா ஒரு நூறு ரூபாயை அப்போதே பெட்டியில் எடுத்து வைத்துவிட்டார். நம் நாட்டு அரசியல் தலைவர் ரங்கநாதன் சீனிவாசன் படம் போட்ட நோட்டு அது. தமிழர் ஒருவர் முகம் இருக்கும் தாளிலேயே தமிழ் பின்னால் போயிற்றே என்று அப்பாவுக்கு ஆற்றாமை.

சிக்கல் என்னவென்றால், அப்பா மாதிரியே இன்னும் எத்தனையோ பேர் எடுத்து வைத்திருக்கிறார்கள். திரும்பப் பெற்ற நோட்டு என்றாலே அரிது என்று நினைக்காதீர்கள். 25, 50 ரூபாய் என்னிடம் சுலபமாக வந்து சேர்கிறது. மடிப்பே இல்லாத 2000 ரூபாயைத்தான் தேட வேண்டியிருக்கிறது, அந்தக் காலத்தில் அவ்வளவு பணத்தை யார் சும்மா பெட்டியில் போட்டு வைப்பார்கள்?

விலை பார்க்கும்போது விற்பவர் கேட்கும் தொகையைப் பார்க்காதீர்கள். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி ஈபேயில் உண்டு, அதில் பாருங்கள். தளத்தின் கட்டணம், பதிவுத் தபால், அட்டை, உறை எல்லாம் கழித்தால் சின்ன நோட்டில் கையில் நிற்பது கொஞ்சம்தான். தரம் பார்த்து பிளாஸ்டிக் உறையில் பூட்டித் தரும் பிஎம்ஜி நிறுவனத்துக்கு அனுப்பலாமா என்றும் கேட்கிறார்கள், 70 வரை மதிப்பெண் போடுகிறார்கள், ஆனால் அனுப்பும் செலவே நோட்டின் விலையைத் தாண்டிவிடும் என்றால் எதற்கு?

தயவுசெய்து நோட்டை இஸ்திரி போடாதீர்கள். ஒரு பாட்டி அன்போடு தேய்த்து, பளபளவென்று கொண்டுவந்து கொடுத்தார், எனக்கு அழுகையே வந்துவிட்டது. விரலால் தடவினால் மேடாகத் தட்டுப்படும் மை நசுங்கிப் போயிருந்தது, விஷயம் தெரிந்தவர் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். கழுவுவதும் அப்படித்தான். மலிவான பிவிசி உறையில் வருடக்கணக்கில் வைத்தால் தாளில் பிசுபிசுப்பு ஏறும். வெயில் படும் சுவரில் மாட்டுவதும் வேண்டாம். போர்ட் லூயிஸ் கோடானில் இருக்கும் ப்ளூ பென்னி அருங்காட்சியகத்தில், மொரிஷியஸின் முதல் தபால்தலைகளான 1847 தபால்தலைகளின் அசலுக்குக் கொஞ்ச நேரம்தான் விளக்குப் போடுகிறார்கள், மற்ற நேரம் நகலைத்தான் பார்க்க முடியும். காகிதத்துக்கு வெளிச்சம் அவ்வளவு ஆகாது.

எனக்கு விழுந்த பெரிய அடி வேறு. வெளிநாட்டில் ஒருவர் மடிப்பில்லாத ஆயிரம் ரூபாய் வாங்கினார், "படத்தில் இருந்தது மாதிரி இல்லை" என்று புகார் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். வந்தது நடுவில் மடிந்த வேறு நோட்டு. வரிசை எண் வேறு என்று நான் சொன்னேன், ஆனால் நான் போட்டிருந்த படத்தில் அந்த எண்ணைப் பாதி மறைத்திருந்தேன், திருட்டுப் பயத்தில். பணம் போயிற்று. இப்போது இரண்டு பக்கமும் எண் தெளிவாகத் தெரியப் படம் எடுக்கிறேன், உறையில் போட்டு ஒட்டுவதையும் வீடியோ எடுத்து வைக்கிறேன்.

அப்புறம், 98-ஐத் தனியாக விற்பதை நான் நிறுத்திவிட்டேன். 99 நோட்டையும் பக்கத்தில் வைத்து ஜோடியாகத்தான் போடுகிறேன், வரிசை மாறிய கதையை நாலு வரியில் கீழே எழுதிவிடுகிறேன். தமிழ் படிக்கத் தெரியாத வெளிநாட்டுக்காரருக்கும் எழுத்து இடம் மாறியிருப்பது கண்ணில் படுகிறது, நல்ல விலையும் கொடுக்கிறார்கள். அப்பாவின் நூறு ரூபாயை மட்டும் இன்னும் படம்கூட எடுக்கவில்லை.