ஒன்பதே முக்கால் அடி வீடு

டிசம்பர் 21, 2024, சனி

பிள்ளைகளுக்கு 24ஆம் தேதி அரையாண்டு லீவு ஆரம்பம். லீவில் ஊர் சுற்றிவர, அதற்குள் கொழுந்தனார் தன் வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டார். பழைய டெம்போ டிராவலர். சீட்டுகளை எடுத்துவிட்டு இரண்டு கட்டில், ஒரு சமையல் மேடை, கட்டிலுக்கு அடியில் 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, பின்பக்கம் திரைக்குள் பெட்டி மாதிரி ஒரு கக்கூஸ். திருப்பாலையில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஒருவர் பாக்கியில்லாமல் ஏறி இறங்கிவிட்டார்கள்.

இவர் முதலில் கேட்டது, "ஆர்.சி.யில ஏத்திட்டியாடா?" என்றுதான். வண்டியின் அமைப்பை மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் பதிய வேண்டும். இல்லாவிட்டால் ஏதாவது நடக்கும் நாளில் இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரித்துவிடுவார்கள். கொழுந்தனார் பதிந்திருந்தார். வாடகைக்கு எடுப்பவர்கள் நம்பர் பலகையையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். சொந்த உபயோகத்துக்கான வெள்ளைப் பலகை வண்டியைக் காசு வாங்கிக்கொண்டு தருகிறார்கள் என்றால் அங்கேயும் இதே வம்புதான். லைசென்ஸ் பிரச்சினை இல்லை. வண்டியின் மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் காருக்கு எடுத்ததே போதும்.

எங்கும் போகாமல் இன்று ராத்திரி வாசலிலேயே வண்டியில் படுத்துப் பார்ப்பது என்று முடிவு. அத்தைக்குச் சம்மதமில்லை. "வீடு இருக்கையில வீதியில படுக்கணும்னு தலையெழுத்தா?" என்றார். ஆனாலும் தலையணையோடு முதலில் ஏறியவர் அவர்தான்.

டிசம்பர் 22, ஞாயிறு

ஒத்திகை பார்த்தது நல்லதாகப் போயிற்று.

எங்கள் வாசல் லேசான சரிவு. வீட்டில் இருக்கும்வரை தெரிந்ததே இல்லை. நடு ராத்திரியில் தலைப்பக்கம் பள்ளமாகி, எல்லோருக்கும் தலை கனத்துவிட்டது. காலையில் அத்தை ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு வண்டித் தரையில் வைத்தார். தண்ணீர் விளிம்பு எந்தப் பக்கம் ஏறி நிற்கிறதோ அந்தப் பக்கம் பள்ளம். பள்ளத்துப் பக்கச் சக்கரத்துக்கு முன்னால் மரக்கட்டையைப் போட்டு மெதுவாக ஏற்றினால் சரியாகிவிடுகிறது. செல்போனில் இதற்கு ஒரு ஆப் இருக்கிறது என்று மகன் சொல்லிக்கொண்டே இருந்தான். செம்புக்கு சார்ஜ் போட வேண்டாமே.

இன்னொன்று, மாவு. இட்லி மாவை டப்பா நிறைய ஊற்றி மூடி, பேட்டரிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். மூடிய வேனுக்குள் இருந்த சூட்டில் விடியற்காலை மூன்று மணிக்கே பொங்கி, மூடியைத் தள்ளி, கட்டிலுக்கு அடியில் ஓடி, தண்ணீர்த் தொட்டியின் இடுக்கெல்லாம் புகுந்துவிட்டது. பழைய டூத் பிரஷ் வைத்து ஒரு மணி நேரம் தேய்த்தேன். பாதி டப்பாவுக்கு மேல் மாவு ஊற்றக் கூடாது. ரவையும் புளிக்காய்ச்சலும் இருந்தால் மாவே வேண்டாம் என்பது அத்தையின் கட்சி. இப்போது நானும் அதே கட்சி.

மதியம் டயர் பார்த்தோம். ஓடும் நான்கும் நன்றாக இருந்தன. ஸ்டெப்னியின் பக்கச் சுவரில் 1416 என்று நான்கு இலக்கம். 2016ஆம் வருடம் 14ஆவது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். பட்டன் தேயவே இல்லை, ஆனால் ரப்பர் முழுக்க வெடிப்பு. ஓடாமல் தொங்கிக்கொண்டே கிழடான டயர். மாற்றிவிட்டோம்.

டிசம்பர் 24, செவ்வாய்

கிளம்புவதாக இருந்தது இன்று. காலைப் பேப்பரைப் படித்துவிட்டு அத்தை காபியைத் தொடவில்லை. கேரளத்தில் வடகரையில், ரோட்டோரம் நின்ற ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்திருக்கிறார்கள்.

(பின்னால் சேர்த்தது: ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு உள்ளே ஏறியதுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது.)

அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. தூங்குகிறவரை எழுப்பவும் செய்யாது. நாங்கள் ஜெனரேட்டர் எடுத்துப் போவதாக இல்லை. ஆனால் புழுக்கமாக இருந்தால் இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுக்கொண்டு தூங்கலாம் என்று இவர் சொல்லியிருந்தார். அந்தப் பேச்சை இன்றோடு விட்டாயிற்று. நின்ற வண்டியில் இன்ஜின் ஓடக் கூடாது. இரண்டு பக்க ஜன்னலும் விரற்கடை அளவாவது திறந்திருக்க வேண்டும், கொசுவலை அடித்திருப்பது அதற்குத்தான். குளிருக்கு அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு படுக்கிற வேலையும் கூடாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று ஆர்டர் போட்டோம். அது வருவதற்குள் லீவு முடிந்துவிடும், இருந்தாலும் அடுத்த தடவைக்கு ஆகும்.

சிலிண்டர் ஐந்து கிலோ. எரிவாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் படியும். அதனால் மூக்கை மேலே தூக்கி மோந்து பிரயோசனமில்லை, குனிய வேண்டும். தரை மட்டத்தில் காற்றோட்டத் துளை இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது, ஆனால் கொழுந்தனார் மேலே மிதியடி போட்டு மூடியிருந்தார்! எடுத்துவிட்டேன். இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தாயிற்று. வண்டி ஓடும்போது ரெகுலேட்டர் மூடியே இருக்க வேண்டும். அதை மூடுவது மகள் பொறுப்பு.

பயணம் நாளைக்கு.

டிசம்பர் 25, புதன்

செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய். கொடைக்கானல் போகலாம் என்று பிள்ளைகள் கேட்டார்கள். லீவு நாளில் அந்த மலைப்பாதையில் இந்த வண்டியை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும். கணவாய் சின்ன ஏற்றம்தான், ஆனாலும் இறங்கும்போது இவர் ஏறிய அதே கியரில்தான் இறக்கினார். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறி, வேண்டிய நேரத்தில் பிடிக்காமல் போகும். பாரம் ஏற்றிய வண்டிக்கு இன்னும் சீக்கிரம்.

வைகை அணைப் பூங்காவில் பிள்ளைகள் மதியம்வரை ஆட்டம். 1959இல் கட்டிய அணை, முழு நீர்மட்டம் 71 அடி என்று இவர் பாடம் நடத்தினார். யாரும் கேட்கவில்லை.

அங்கிருந்து தெரிந்தவர் ஒருவரின் தென்னந்தோப்புக்குத் திரும்பும் மண் ரோட்டில்தான் அது நடந்தது. தாழ்ந்த புளியங்கிளை. இவருக்கு ரோடு தெரிந்தது, கூரை தெரியவில்லை. மேலே படபடவென்று ஒரு சத்தம். கூரைக் காற்றாடியின் மூடி பிளந்து ஒரு துண்டு ரோட்டில் கிடந்தது. பாலிதீன் பையும் டேப்பும் போட்டு ஒட்டினோம்.

வண்டியின் உயரம் எவ்வளவு என்று எங்கள் யாருக்கும் தெரியாது. கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு அகலம்தான் கணக்கு, உயரம் கணக்கிலேயே வராது. தோப்புக்காரரிடம் ஒரு நீளக் கம்பு வாங்கி, கூரையில் மேலே துருத்தி நிற்பதோடு சேர்த்து அளந்தோம். ஒன்பதே முக்கால் அடி. மகன் நோட்டுத் தாளில் கொட்டை எழுத்தில் எழுதி ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டினான். ரயில்வே சுரங்கப்பாதை, பெட்ரோல் பங்குக் கூரை, கோயில் வளைவு, ஊருக்குள் தாழத் தொங்கும் கேபிள் எல்லாவற்றுக்கும் இனி அந்தச் சீட்டுதான்.

ராத்திரி தோப்பிலேயே. "வாங்க தாயி, மோட்டார் ரூம்ல லைட்டு இருக்கு, போட்டுக்கங்க" என்றார் பெரியவர். வண்டியைத் தென்னைக்கு நேர் கீழே நிறுத்த விடவில்லை. தேங்காய் விழும், மட்டை விழும். நாங்கள் நிழலைப் பார்த்தோம், அவர் மேலே பார்த்தார்.

டிசம்பர் 26, வியாழன்

தண்ணீர் தீர்ந்துவிட்டது. ஐந்து பேர், 100 லிட்டர், ஒன்றரை நாள்.

கணக்குப் பார்த்தால் குளிக்கவே இல்லை. முகம் கழுவியதும் தட்டு கழுவியதும்தான். குழாயைத் திறந்தால் கை பழைய பழக்கத்தில் ஓடவிடுகிறது. அத்தை குழாய்க்கு ஒரு துணியைக் கட்டிவிட்டார். இனி பிளாஸ்டிக் போனியில் பிடித்து, செம்பில் மொண்டுதான் எல்லாம். தட்டை முதலில் பழைய பேப்பரால் துடைத்துவிட்டுக் கழுவினால் இரண்டு செம்பு போதும். இரண்டு வேளை வாழை இலை. குடிக்க 20 லிட்டர் கேன் தனி, அதில் யாரும் கை வைக்கக் கூடாது.

ஒரு லிட்டர் ஒரு கிலோ. தொட்டி நிறைந்தால் இன்னும் ஒரு ஆளையும் ஒரு மூட்டையையும் ஏற்றியது போல. அதனால் ஊருக்குள் ஓடும்போது கால் தொட்டி, ராத்திரி நிற்கப்போகும் இடத்துக்கு முந்தின ஊரில் முழுத் தொட்டி. கழுவிய தண்ணீர் கீழே ஒரு கேனில் சேர்கிறது. சோப்பில்லாததைத் தென்னைக்கு ஊற்றினோம், மற்றது கேனிலேயே.

மதியம் வீரபாண்டி. முல்லைப் பெரியாற்றில் ஐயப்பசாமிகள் கூட்டம், கறுப்பு வேட்டிகள் கரை நெடுகக் காய்ந்தன. பிள்ளைகள் படியில் உட்கார்ந்து குளித்தார்கள், அதற்குமேல் இறங்க விடவில்லை. ஆற்றில் சோப்பு வேண்டாம் என்றதற்கு மகள், "எல்லாரும் போடுறாங்க" என்றாள். நீ போடாதே.

டிசம்பர் 27, வெள்ளி

தூக்கமில்லை. ஊர்ப்பெயர் வேண்டாம், சின்னமனூர்ப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேற்று இருட்டிய பிறகு இடம் தேடியதுதான் தப்பு. ஒரு கோயில் திடல், விசாலம், லைட், ஆள் நடமாட்டம். கேட்டதும் நிற்கச் சொன்னார்கள். மார்கழி என்பது எங்கள் யார் மண்டையிலும் உறைக்கவில்லை. காலை நாலரைக்கு வேப்பமரத்துக் குழாய் ரேடியோ பாட ஆரம்பித்தது, சரியாக எங்கள் கூரைக்கு மேலே. அத்தை மட்டும் குளித்துவிட்டுப் போய்ப் பொங்கல் வாங்கிவந்தார்.

இனி மாலை நான்கு மணிக்கு ராத்திரி எங்கே என்று தெரியவில்லை என்றால், அன்றைக்கு ஓட்டம் அத்தோடு நிறுத்தம். வெளிச்சத்தில் போய், ஆளைப் பார்த்து, கேட்டு நிற்க வேண்டும். பிள்ளைகளும் வயசான அத்தையும் கூடவே இறங்கிப் போனால் யாரும் இல்லை என்று சொல்வதில்லை. லாரிகள் நிற்கும் பெரிய பெட்ரோல் பங்கும் நல்ல இடம்தான். சத்தம் இருக்கும், ஆனால் காவல், கக்கூஸ், தண்ணீர், டயருக்குக் காற்று எல்லாம் உண்டு. டீசல் அங்கேயே போட்டுவிட்டுக் கேட்டால் மரியாதை. காட்டோரம் மட்டும் வேண்டாம். மேகமலை 2021லிருந்து புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது, அனுமதியில்லாமல் அங்கே ராத்திரி தங்குவது வனத்துறையோடு வழக்காக முடியும்.

மண்டல பூஜை நேற்றோடு முடிந்து சபரிமலை நடை சாத்தியாயிற்று. கம்பம் ரோட்டில் திரும்பிவரும் வண்டிகள்தான் அதிகம். லோயர் கேம்ப் போய்ப் பென்னிகுவிக் மணிமண்டபம் பார்த்தோம். அவர் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895இல் திறந்தது, மதுரை குடிக்கும் தண்ணீரில் இன்றைக்கும் அதன் பங்கு இருக்கிறது. நூறு லிட்டரை ஒன்றரை நாளில் தீர்த்தவர்கள் அங்கே கொஞ்சம் அடக்கமாகத்தான் நின்றோம்.

டிசம்பர் 28, சனி

கக்கூஸ் விஷயம். எல்லோரும் ரகசியமாகக் கேட்பது, யாரும் எழுதாதது.

பெட்டி 20 லிட்டர். எங்கள் விதி, ராத்திரிக்கும் அவசரத்துக்கும் மட்டும். பகலில் பங்கு, ஓட்டல். அப்படியும் மூன்று ராத்திரியில் முக்கால்வாசி நிறைந்துவிட்டது. வெளிநாட்டில் இதைக் காலி செய்யவே தனி இடம் வைத்திருப்பார்களாம். இங்கே நான் எங்கும் பார்க்கவில்லை. சாக்கடையிலோ ஓடையிலோ கவிழ்ப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி எழுதினால் வாயில் நல்ல வார்த்தை வராது. நாங்கள் கம்பத்தில் ஒரு லாட்ஜில் அரை நாளைக்கு ரூம் எடுத்தோம். மேனேஜரிடம் விஷயத்தை மறைக்காமல் சொன்னோம். செப்டிக் டேங்க் உள்ள கக்கூஸில் ஊற்ற விட்டார். இவர் கையுறையும் முகத்தில் துண்டும் கட்டிக்கொண்டு, அதைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியதைப் பிள்ளைகள் வீடியோ எடுத்தார்கள். ஐந்து பேரும் தலைக்குக் குளித்தோம். மூன்று நாளைக்கு ஒரு முறை இப்படி ஒரு லாட்ஜ் என்று பட்ஜெட்டிலேயே எழுதிவைத்தால் சண்டை பாதியாகும்.

பேட்டரியும் அங்கேயே சார்ஜ். 150 ஆம்பியர்-ஹவர் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிதான், பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும். பாதி என்றால் கரண்ட் பில் கணக்கில் ஒரு யூனிட்டுக்கும் குறைவு. இரண்டு சின்ன ஃபேன், இரண்டு லைட், போன் சார்ஜ் என்றால் ஒரு ராத்திரி தாண்டும். மிக்சியை மறந்துவிடுங்கள். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், வற்றல், வெஞ்சனத்துக்கு அப்பளம்.

டிசம்பர் 29, ஞாயிறு

வீடு. வண்டியிலிருந்து இறக்கும்போது தொடாமலே திரும்பி வந்தவற்றைத் தனியாகக் குவித்தேன். மடக்கு நாற்காலி இரண்டு, பார்பிக்யூ அடுப்பு, போர்வை நான்கு, என் சேலை ஐந்து. நாற்பது கிலோவாவது இருக்கும். போதாமல் போனது பழைய துணி, கயிறு, செம்பு.

சாயங்காலம் கொழுந்தனார் வண்டியை எடுக்க வந்தார். கூரை மூடி உடைந்ததை எப்படிச் சொல்வது என்று இவர் தயங்கிக்கொண்டே நின்றார். நானே சொல்லிவிட்டேன், புதுசு வாங்கிப் போட்டுவிடுகிறோம் என்று.

ஏறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அது போன வருசமே நத்தம் ரோட்டுல உடைஞ்சது மதினி. நானும் டேப்புதான் போட்டிருந்தேன்."

அப்புறம் ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டியிருந்த சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மகன் அதைப் பிய்க்கப் போனான்.

"இருக்கட்டுண்டா" என்றார்.