அந்தக் கறுப்புச் சப்பாத்து

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொப்பியும் சப்பாத்தும் கொடுக்க, வெள்ளிக்கிழமை இரவு கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து வான் ஒன்றில் கிளம்பினோம். விடியற்காலை மாங்குளம் சந்தியில் ஒரு பிளேன்டீ. அப்புறம் ஏ9 வீதியை விட்டு ஒட்டுசுட்டான் பக்கம் திரும்பி, உள்ளே ஒரு சின்னக் கிராமம்.

நம் இலங்கையில் பாடப்புத்தகமும் சீருடைத் துணியும் அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. ஆனால் கொப்பி, பென்சில், பை எல்லாம் வீட்டுக்காரர் தலையில்தான். நாட்கூலிக்குப் போகும் அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள் என்றால் யோசித்துப் பாருங்கள். கொப்பிகளைக் கொழும்புப் புறக்கோட்டைக் கடைகளில் மொத்தமாக வாங்கினோம். சப்பாத்துக்கு, பிள்ளைகளின் காலைக் காகிதத்தில் வைத்துக் கோடு கீறி முன்னரே அனுப்பச் சொல்லியிருந்தோம்.

தரம் இரண்டு படிக்கும் தம்பி ஒருவன் போட்டுப் பார்த்தான். அளவு சரி. உடனே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான்.

"ஏனப்பு, போட்டுக்கொண்டே போகலாமே?"

"ரோட்டெல்லாம் சேறு அக்கா. பள்ளிக்கூடத்துக்குத்தான் போடுவன்."

இரண்டையும் நெஞ்சோடு அணைத்தபடி வெறுங்காலில் நடந்து போனான். காலில் முழங்கால்வரை சேறு, சப்பாத்தில் ஒரு பொட்டுக்கூட இல்லை.

ஆறு பிள்ளைகளுக்கு அளவு பொருந்தவில்லை. அந்த முகங்கள் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. புது அளவு எடுத்து வந்திருக்கிறேன், நாளை பின்னேரம் மறுபடியும் புறக்கோட்டை. கூட வர விரும்புகிறவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.