களி உண்ட எலும்பும் அரிசி உண்ட எலும்பும்

ஆந்திராவின் நகரியில் விசைத்தறிச் சத்தத்தின் நடுவே வாழ்ந்து பழகிய என் அம்மாவுக்கு, 66ஆம் வயதில், துவைக்கும் கல்லருகே வழுக்கிக் கையை ஊன்றிய மாத்திரத்தில் மணிக்கட்டு முறிந்தது. அதற்கு முன்பே, பரணில் இருக்கும் பித்தளைக் குண்டானை எடுக்க அவருக்கு முக்காலி தேவைப்பட ஆரம்பித்திருந்தது. உயரம் குறைகிறது என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. ஸ்கேனில் இடுப்பெலும்பின் டி-ஸ்கோர், அதாவது இளவயதினரின் சராசரியோடு ஒப்பிட்ட எலும்பு அடர்த்தியின் அளவு, −2.8 என்று வந்தது. −2.5 அல்லது அதற்கும் கீழே போனால் அது எலும்புப்புரை என்பது உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த அளவுகோல்.

“எங்கம்மாவுக்கும் இடுப்பு ஒடிஞ்சுதான் படுத்தாங்க, இது எங்க வம்சத்து எலும்பு” என்றார் அம்மா. அதில் உண்மை உண்டு. எலும்பு அடர்த்தியில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் 50 முதல் 80 சதவீதம் வரை மரபணுக்களால் வருவது என்று இரட்டையர் ஆய்வுகளும் குடும்ப ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. ஆனால் இதற்கென்று தனியாக ஒரு மரபணு இல்லை. வைட்டமின் டி ஏற்பி மரபணுவே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பதுபோல் 1994இல் எழுந்த பரபரப்பு பின்னர் அடங்கிவிட்டது. இன்று அறியப்பட்டிருப்பவை 500க்கும் மேற்பட்ட மரபணு இடங்கள், ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது.

பாட்டிக்கு இடுப்பு முறிந்தது 84 வயதில். மணிக்கட்டு முந்திக்கொண்டு முறிவது வழக்கம்தான் என்பதால் இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது என்றாலும், இருவர் தட்டுகளிலும் இருந்தது ஒன்றல்ல என்பதை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. தெலுங்கு வீடுகளில் சங்கட்டி என்று சொல்லும் கேழ்வரகுக் களியைப் பாட்டி இரண்டு வேளையும் உண்டவர். அடுப்பில் துடுப்பால் கிண்டி, ஈரத்தட்டில் உருட்டி வைப்பார். 1983இல் என். டி. ராமராவ் ஆட்சியில் கிலோ 2 ரூபாய் அரிசி வந்தபோது அம்மாவுக்கு 25 வயது. பசி தீர்த்த அந்தத் திட்டத்தைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்க, தீட்டிய அரிசியில் ஏறத்தாழ 10 மில்லிகிராம்தான் இருக்கிறது. கேழ்வரகிலுள்ள பைட்டேட் என்ற சேர்மம் அதில் ஒரு பகுதியை உடலில் சேரவிடாது என்று கழித்துக்கொண்டாலும், இடைவெளி பெரிது. எலும்பு தன் உச்ச அடர்த்தியை எட்டுவது 30 வயதையொட்டித்தான். மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறையும்போது எலும்பைக் கரைக்கும் செல்களின் கை ஓங்கிவிடுவதால், அதன்பின் செலவாவது அந்தச் சேமிப்பே.

பால் குடித்திருக்கலாமே என்பார்கள். அம்மாவுக்குப் பால் குடித்தால் வயிறு உப்பும். குழந்தைப் பருவத்துக்குப் பிறகு, பாலின் சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி குறைந்துவிடும் மரபுவாகு தென்னிந்தியரிடம் மிகப் பரவலாக உண்டு. மரபணு நேராக எலும்பைத் தொடாமல் தட்டின் வழியாகவும் வேலை செய்கிறது என்பது இங்குதான் எனக்குப் புரிந்தது. புளிக்கும்போது லாக்டோஸ் குறைவதால் தயிரும் மோரும் அவருக்கு ஒத்துக்கொள்கின்றன. வெயிலே படாத தறிக்கூடத்தில் கழிந்த பகல்களுக்கு ஈடாக மருத்துவர் வைட்டமின் டியும், எலும்புக்கான மருந்தும் எழுதித் தந்திருக்கிறார்.

என் மகளுக்கு 19 வயது. அதே வம்சம்தான், ஆனால் அவள் எலும்பு இன்னும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. நாட்டுக்கோழிக் குழம்பு இருந்தால் மட்டுமே களியைத் தொடுவேன் என்கிறாள். ஆகவே ஞாயிறுதோறும் அம்மா இடது கையால் துடுப்பைப் பிடிக்கிறார், நான் பானையைப் பிடித்துக்கொள்கிறேன்.