வாத்தியாரும் டீனா நாயுடுவும்

2012-ஆம் ஆண்டு ஜூலையில் டீனா நாயுடு ‘மாஸ்டர்ஷெஃப் சவுத் ஆப்பிரிக்கா’ போட்டியில் வென்றபோது நம் தமிழ் வாத்தியார் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தார். பார்த்துவிட்டு, ஆஸ்திரேலியாவில் நான் இருக்கும் பெர்த்துக்குத் தொலைபேசி போட்டு என்னுடன் பேசினார். சென்ற மாதம் வாத்தியார் காலமான செய்தி வந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பேச்சுதான். நம் தமிழ்ச் சங்க மலர்க் குழுவினர் அவரைப் பற்றி எழுதும்படி கேட்டிருக்கிறார்கள். அவர் நடத்திய இலக்கணத்தைப் பற்றியும் அவருடைய பிரம்பைப் பற்றியும் மற்றவர்கள் எழுதுவார்கள். எனக்கு எழுத இருப்பது, எனக்கும் அவருக்கும் இடையில் நெடுநாள் தீராமல் கிடந்த ஒன்றும், அது தீர்ந்த விதமும்தான்.

ஐந்து மணித் தமிழ் வகுப்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தகரக் கூரை, கிழிந்த பாய், கோயில் மணி அடித்தால் பாடம் நிற்பது, ஐஸ்டெட்ஃபட் என்னும் மேடைப் போட்டி நெருங்கினால் சனிக்கிழமையும் போய்விடுவது. வாத்தியார் பகலெல்லாம் துணி ஆலை ஒன்றில் கணக்கெழுதிவிட்டு, பஸ் பிடித்து, வியர்வை காயாமல் வந்து கரும்பலகை முன் நிற்பார். சங்கம் அவருக்குக் கொடுத்தது பஸ் கட்டணத்துக்கே காணாது. டர்பனின் இந்தியர் குடியிருப்பான நம் சாட்ஸ்வொர்த்தில் நம் தலைமுறையில் தமிழ் பேசத் தெரிந்தவர்களே குறைவு; எழுதத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்தக் கட்டுரையை என்னால் தமிழில் எழுத முடிகிறது என்றால் அது அவர் போட்ட பிச்சை.

அதே வகுப்பில்தான் அதுவும் நடந்தது. ‘நான் என்னவாக விரும்புகிறேன்’ என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார். டாக்டர், வக்கீல், ஆசிரியர் என்று மற்றவர்கள் எழுதினார்கள். நான் சமையல்காரனாக விரும்புகிறேன் என்று எழுதினேன். என் ஆயா மீன் குழம்பு வைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து, புளிக்கரைசல் எப்போது ஊற்ற வேண்டும், எண்ணெய் பிரிந்து ஓரத்தில் சிவப்பாக நிற்கும்போது மீனை எப்படி இறக்க வேண்டும் என்றெல்லாம் ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு ஆசையாக எழுதிய முதல் பக்கம் அது.

வாத்தியார் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். கட்டுரையை உரக்கப் படித்தார். மீன் இறக்கும் இடம் வந்ததும் நிறுத்தினார். “உன் பாட்டன் கரும்பு வெட்டினான். உன் அப்பன் ஆலையில் நிற்கிறான். நீ போய் இன்னொருவன் எச்சில் தட்டைத் தூக்கப் போகிறாயா?” என்றார். வகுப்பே சிரித்தது. நோட்டுப் புத்தகம் என் காலடியில் வந்து விழுந்தது. அன்று முதல் நான் பள்ளியை விட்டுப் போகும்வரை என் பெயர் ‘குசினி’. இதைப் படிக்கிறவர்களில் சிலருக்கு என் சொந்தப் பெயர் மறந்திருக்கும், அந்தப் பெயர் மறந்திருக்காது. நான் கணக்கியல் படித்தேன். தொண்ணூறுகளில் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்கு வந்தேன்.

என்னை அந்த வயதில் குழப்பிய விஷயம் ஒன்று உண்டு. நம் தெருக்களில் எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும் பருப்புக்கு வாத்தியார்தான். முந்தைய இரவு பந்தலுக்கு அடியில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் நறுக்குவார்கள். பின்பக்கம் விறகடுப்பில் பெரிய பானைகள். வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, புகையில் கண் சிவக்க நிற்பார். தாளிக்கும்போது எண்ணெயில் ஒரே ஒரு கறிவேப்பிலையைப் போட்டுப் பார்ப்பார். அது சுருண்டு சடசடத்த பிறகுதான் மற்றவை விழும். தாளிப்பைப் பருப்பில் கொட்டிய கணமே மூடியைப் போட்டு, அதன்மேல் மடித்த சாக்கை வைத்து, இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். ஆவி ஒரு பொட்டும் வெளியே போகக் கூடாது. பிறகு திறப்பார். அந்த வாசனைக்கு அடுத்த தெருக் குழந்தைகள்கூட விழித்துக்கொள்வார்கள். பணம் கொடுத்தால் வாங்கமாட்டார். சமைப்பதை இவ்வளவு நேசித்த மனிதர், சமைக்க ஆசைப்பட்ட சிறுவனை ஏன் அப்படி நிறுத்திவைத்தார் என்று எனக்கு நெடுங்காலம் புரியவில்லை.

இனி டீனா நாயுடு. டர்பன்காரர், தகவல் தொழில்நுட்ப வேலையில் இருந்தவர், குடும்பஸ்தர். நாயுடு என்றால் தெலுங்கா தமிழா என்று நம் தெருவில் யாரும் அதிகம் ஆராய்வதில்லை, எல்லாருக்கும் ஒரே கோயில், ஒரே கூழ். மாஸ்டர்ஷெஃப் போட்டியின் தென்னாப்பிரிக்கப் பதிப்பு எம்-நெட் தொலைக்காட்சியில் முதன்முறையாக வந்தது 2012 மார்ச்சில். பார்ல் நகரத்து நெடர்பர்க் திராட்சைத் தோட்டத்தில் படப்பிடிப்பு. பீட் கோஃப்-வுட், பெனி மசெக்வமெங், ஆண்ட்ரூ அட்கின்சன் என்று மூன்று நடுவர்கள், மூவரும் தொழில்முறைச் சமையல் வல்லுநர்கள். வீட்டில் சமைத்துப் பழகியவர்களைக் கொண்டுவந்து, பெட்டியைத் திறந்து உள்ளே இருப்பதை வைத்துச் சமைக்கச் சொல்வது, கடிகாரத்தை ஓடவிடுவது, வாராவாரம் ஆளைக் குறைப்பது என்று போகும் ஆட்டம் அது. குழம்பு வைக்கத் தெரிந்தால் மட்டும் அதில் கடைசிவரை நிற்க முடியாது. கண்ணால் பார்த்திராத பண்டத்தையும் அந்த நேரத்துக்குள் செய்துகாட்ட வேண்டும்.

சாட்ஸ்வொர்த்தில் என் அக்கா வீட்டில் எம்-நெட் இருந்தது. அந்த நாளில் அக்கம்பக்கம் முழுவதும் அங்கேதான் கூடும் என்பாள். வாத்தியாருக்குச் சாய்வு நாற்காலி ஒதுக்கியிருந்தார்களாம். முதலில் சும்மா பார்க்க வந்தவர், போகப் போக நடுவர்களுக்கு முந்திக்கொண்டு மார்க் போட ஆரம்பித்தார். “தீ கூடிப்போயிற்று, அந்தப் பூண்டு இனிக் கசக்கும்” என்று திரையைப் பார்த்துச் சொல்வாராம். சற்று நேரத்தில் நடுவர் வாயிலிருந்தும் அதுவே வரும். ஐஸ்டெட்ஃபட் மேடையில் நம் உச்சரிப்பைப் பிடித்த அதே காது, அதே கண். இறுதிச் சுற்றில் டீனாவும் சூ-ஆன் ஆலனும் நின்றார்கள். டீனா வென்றார்.

எனக்கு அங்கே விடிகாலை. தொலைபேசி அடித்ததும் வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் பதறி எடுத்தேன். வாத்தியார் குரல். நலம் விசாரிக்கவில்லை. “தம்பி, அவர் ஜெயித்துவிட்டார்” என்றார். எனக்கு யார் என்று விளங்க ஒரு நொடி ஆயிற்று. பிறகு நெடுநேரம் அவரே பேசினார். தன் அப்பா டர்பன் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் வெயிட்டராக இருந்ததை அப்போதுதான் முதல்முறையாகச் சொன்னார். வெள்ளைச் சட்டை, இடுப்பில் சிவப்புப் பட்டி, கையில் தட்டு. அந்த ஹோட்டலின் முன்வாசலில் மகனைக் கூட்டிக்கொண்டு நுழைய அவருக்கு அனுமதி கிடையாது. “எங்கள் அப்பாவை அங்கே எல்லாரும் ‘சாமி’ என்றுதான் கூப்பிட்டார்கள். எல்லா இந்தியனும் அவர்களுக்குச் சாமிதான். அவருக்கு ஒரு பெயர் இருந்தது, தம்பி. இருபத்தைந்து வருஷம் அங்கே யாரும் அதைக் கேட்கவில்லை. இன்றைக்கு அந்த நடுவர்கள் தட்டைச் சுவைத்துவிட்டு டீனா, டீனா என்று பெயர் சொல்லிப் பேசினார்களே, அதைப் பார்க்க அவர் இல்லை” என்றார். சற்று நிறுத்தி, “நீ எழுதிய மீன் குழம்பு சரியான பக்குவம். அன்றைக்கே எனக்குத் தெரியும்” என்றார்.

அந்தக் கட்டுரை அவருக்கு நினைவிருந்தது. மீன் இறக்கும் இடம் வரை நினைவிருந்தது. அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு சொல்லையும் நான் எதிர்பார்க்கவில்லை. இந்த ஒன்றுக்காக அவரை என்றென்றும் நேசிப்பேன்.

1860 நவம்பரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்ததிலிருந்து 1911-இல் ஒப்பந்த ஆள்சேர்ப்பு நிற்கும்வரை இந்தியாவிலிருந்து இறங்கியவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். ஒப்பந்தம் முடிந்தவர்களில் பலர் காய்கறி பயிரிட்டார்கள். பலர் ஹோட்டல் குசினிகளிலும் சாப்பாட்டு மேசைகளிலும் வேலைக்குப் போனார்கள். வெள்ளையருக்குப் பரிமாறிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த அந்தத் தலைமுறை, அந்தப் பிள்ளைகள் மறுபடி அடுப்பங்கரைக்குப் போய்விடக் கூடாது என்று பயந்தது. டர்பனின் கேட்டோ மேனரில் வீட்டை இழந்து, இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் சாட்ஸ்வொர்த்துக்குத் தள்ளப்பட்ட குடும்பத்தில் வளர்ந்தவர் வாத்தியார். அவருடைய கோபம் அங்கிருந்து வந்தது. ஊர்க் கல்யாணத்தில் சமைப்பது அவருக்குக் கௌரவம். கூலிக்குச் சமைப்பது அப்பாவின் சிவப்புப் பட்டி.

டீனா நாயுடுவின் வெற்றி உடைத்தது இந்தப் பயத்தைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பரிசுப் பணத்தைவிட, ஜோகன்னஸ்பர்க்கின் மாண்டிகாசினோவில் அவர் ‘ஆர்யா’ உணவகத்தைத் திறந்ததுதான் எனக்குப் பெரிது. நிலையான அலுவலக வேலையில் இருந்த ஒரு டர்பன் இந்தியர் தன் விருப்பத்தால் குசினிக்குப் போனார். பெயர்ப்பலகைக்குக் கீழே நடுவாசலில் நின்று விருந்தினரை வரவேற்கும் உரிமையோடு போனார். அடுத்த ஆண்டே, 2013-இல், போட்டியின் இரண்டாவது பருவத்தை வென்றவர் காமினி பத்தர் என்ற பெண், அவரும் டர்பன்காரர். உணவைப் பற்றி இணையத்தில் எழுதிக்கொண்டிருந்தவர். வென்ற பிறகு ‘கேர்ள் ஈட் வேர்ல்ட்’ என்ற பயணத் தொடரை நடத்தி, உலக நகரங்களுக்குப் போய் அங்குள்ள உணவு எழுத்தாளர்களோடு உண்டு காட்டினார். முதல் இரண்டு பட்டங்களும் நம் ஊருக்கு வந்துவிட்டன! அக்காவின் மகள் பள்ளியில் சமையற்கலை படிக்க விரும்பியபோது வீட்டில் ஒருவரும் எதிர்ச்சொல் சொல்லவில்லை. வாத்தியார்தான் விண்ணப்பப் படிவத்தை உடனிருந்து நிரப்பிக் கொடுத்தாராம்.

ஒருமுறை ஜோகன்னஸ்பர்க் போய் ‘ஆர்யா’வில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று வாத்தியார் ஆசைப்பட்டார். “முன்வாசல் வழியாக நுழைந்து, மேசைக்கு வரவழைத்துச் சாப்பிட வேண்டும், நீ கூட வா” என்றார். டிசம்பர் விடுமுறையில் என்று பேசிக்கொண்டோம். விமான டிக்கெட், பிள்ளைகளின் தேர்வு, வேலை என்று டிசம்பர்கள் தள்ளிப்போயின. பிறகு அவருக்கு முழங்கால் முடியாமல் போயிற்று. பெர்த்தில் எனக்கு நல்ல வீடு இருக்கிறது, பிள்ளைகள் பயமின்றி வளர்ந்தார்கள், அதற்கெல்லாம் இந்த நாட்டுக்கு நன்றி சொல்கிறேன். ஆனாலும் அந்த ஒரு மேசையில் அவருக்கு எதிரே உட்காரும் தூரத்தில் நான் வாழவில்லை. நான் அங்கேயே இருந்திருந்தால் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரே பகலில் போய்ச் சேர்ந்திருப்பேன். இறுதிச் சடங்கையும் கைப்பேசித் திரையில்தான் பார்த்தேன்.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வாத்தியாரின் கல்யாணப் பருப்பை யாரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. அவரோடு விறகு தள்ளியவர்கள், பானை தூக்கியவர்கள் உங்களில் இருப்பீர்கள். நினைவில் இருப்பதை அடுத்த மலருக்கு எழுதி அனுப்புங்கள். அளவெல்லாம் வேண்டாம், அவர் அளந்ததே இல்லை. அந்தக் கறிவேப்பிலை சுருண்ட பிறகு, எண்ணெயில் முதலில் விழுந்தது சீரகமா, காய்ந்த மிளகாயா, பூண்டு வெங்காயத்துக்கு முன்னா பின்னா என்று தெரிந்தால் போதும். மீதியை நான் வைத்துப் பார்க்கிறேன்.